மொட்டைக்கரடு விட்ட மூச்சு

மீனாட்சிபுரத்துக்கு வெளியே மொட்டைக்கரடு என்று ஒரு குன்று. காக்காப்பொன் என்கிற மைக்கா கிடைக்கும் என்று வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று அதைக் குடைந்தது. கிடைத்தது கூலிக்கே காணாது என்று தெரிந்ததும் தளவாடங்களைக் கழற்றி வண்டியேற்றிக்கொண்டு போய்விட்டது. கழற்ற முடியாத ஓட்டைகளை மட்டும் விட்டுப்போனது. அடிவாரத்தில் ஆள் நிமிர்ந்து நடக்கிற சுரங்கம். உச்சியில் கிணறு மாதிரி நேராக இறங்குகிற குழி. உள்ளே இரண்டும் சந்தித்தன.

கோடையில் வெளிக்காற்று கொதிக்கும்போதும் கரட்டுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தே கிடக்கும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிந்து கீழ்வாய் வழியாக வெளியேறும். அது காலி செய்த இடத்துக்கு உச்சிக் குழி புதுக்காற்றை இழுத்துக்கொள்ளும். அந்தக் காற்றும் பாறையைத் தடவித் தடவிக் குளிர்ந்து கீழே வரும். கம்பெனி செய்ததிலேயே உருப்படியாக ஓடிய யந்திரம் இது ஒன்றுதான். அதைச் செய்தோம் என்பது கம்பெனிக்கே தெரியாது.

மருதாத்தாளுக்கும் தெரியாது. சாயங்காலம் கறந்த பாலைச் சுரங்க வாயில் வைத்தால் விடியும்வரை திரியாது என்பது தெரியும். புருஷன் போன பிறகு அவளும் எருமைகளும் பிழைத்தது அந்தக் குளிரில்தான். விடியற்கால ரயிலுக்கு டீ போடும் ஸ்டேஷன் கடை ஜப்பார் வேறு யாரிடமும் பால் வாங்குவதில்லை.

குளிர், கன்னிமார் விடுகிற மூச்சு என்று அவள் நம்பினாள். நன்றிக்கடன் தீர்க்க வேண்டாமா? அந்தச் சித்திரை மாதம் அவளுடைய கன்று ஒன்று உச்சிக் குழியில் விழுந்து செத்ததும் முடிவு செய்துவிட்டாள். குழியைப் பலகைக்கல்லால் மூடி, அதன்மேல் மேடை கட்டி, கன்னிமார் ஏழு பேரையும் வடக்குப் பார்த்து உட்கார வைத்தாள். ஆபத்தும் தீர்ந்தது, நேர்த்தியும் தீர்ந்தது.

மறுநாள் காலை ஜப்பார் பாலை அடுப்பில் வைத்தார். திரிந்தது.

"ஏனம்மிணி, மோரை எதுக்கு எருமைகிட்டக் கறந்தீங்க?"

"கேலி பண்ணாதீங்க. சாமியை வெச்ச கையோட குளுரு கொறைஞ்சு போச்சுங்க."

பூசாரி மயிலப்பன் மேடையைச் சுற்றி வந்து குற்றம் கண்டுபிடித்தார். "கல்லுச் சந்துல காரை பூசாம உட்டிருக்கறே. ஆத்தாளுக்கு அரைகொறை ஊடு ஆகுமா?"

சந்துகளில் சொட்டுக் காற்றும் நுழையாதபடி பூசினார்கள். மிச்சமிருந்த குளிரும் நின்றது.

"இன்னும் ரெண்டு நாளு பாக்கறேன். அப்புறம் கொழிஞ்சாம்பாறைப் பால்காரன்கிட்டச் சொல்லிருவேன். கோவிச்சுக்காதீங்க" என்றார் ஜப்பார்.

சொல்லிக்கொண்டே புதுச் சீமெண்ணெய் டின் ஒன்றில் ஆணியால் ஓட்டை போட்டுச் சாய்த்தார். எண்ணெய் குபுக் குபுக்கென்று திணறியது. எதிர்மூலையில் இன்னோர் ஓட்டை போட்டார். ஒரே சீராக இறங்கியது.

"அந்த ஓட்டையிலதான் எண்ணெய் வரலியே, அது எதுக்குங்க?"

"அதுல காத்துப் போனாத்தான அம்மிணி இதுல எண்ணெய் வரும்?"

அவர் அதை விரலால் அடைத்துக் காட்டினார். எண்ணெய் மறுபடி திணறியது.

"என்ற கையாலயே அடைச்சுப்போட்டனே!" என்று மருதாத்தாள் தலையில் கை வைத்தாள்.

மேடையைப் பிரிக்கப் பூசாரி ஒப்பவில்லை. "உக்கார வெச்ச சாமியப் பேத்தா ஊரு தாங்காது."

"பேக்க வேண்டாமுங்க. ஆத்தாளுக்கு மூச்சு முட்டுது. காலடியில ஒரு சன்னல் வெச்சா ஆகாதுங்களா? பூக் கேட்டுப் பாருங்க."

சிலையின் தலையில் ஈரப் பூவை ஒட்டவைத்துக் காத்திருப்பார்கள்; சாமிக்கு வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். எப்போது கேட்பது என்பதை மருதாத்தாள்தான் சொன்னாள்: மத்தியானம் சாய்ந்ததும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கேயிருந்து பாயும் வேளை. வடக்குப் பார்த்த சாமிக்கு வலது கை கிழக்கே. பூ தயங்கவே இல்லை.

காலடியில் துளை போட்டார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பூசாரி சாம்பிராணி போட, புகை மேலே போகாமல் வளைந்து துளைக்குள் இறங்கியது.

"ஆத்தா வாங்கிக்கறா!" என்று அலறினார். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆத்தாள் எவ்வளவு வாங்குவாள் என்று பார்க்க ஆளாளுக்கு அள்ளிப் போட்டார்கள்.

கீழே சுரங்க வாயில் குளிர் திரும்பியிருந்தது. மருதாத்தாள் கண் கலங்கப் பாலை வைத்துவிட்டு வந்தாள். மேலே நுழைந்த புகைக்கு வெளியேற வேறு வழி இல்லை. குளிரோடு கலந்து விடியவிடியப் பால்மேல் தவழ்ந்தது.

விடிந்ததும் ஜப்பார் காய்ச்சினார். திரியவில்லை. டீ போட்டு ஒரு வாய் குடித்தார்.

"என்னம்மிணி இது, கோயிலைக் கரைச்சுக் குடிச்சாப்பல இருக்குது! இதை யாருக்குங்க நான் குடுக்கறது?"

மருதாத்தாளின் கண்முன் கொழிஞ்சாம்பாறைப் பால்காரனின் முகம் வந்தது.

அதற்குள் ரயிலேற வந்த ஆள் ஒருவர் அவசரமாகக் கிளாஸை எடுத்து உறிஞ்சிவிட்டார். நிமிர்ந்தார். "கரட்டுல ஆத்தா பொகை குடிக்கறாளாமே, அந்தக் கோயிலுப் பாலுங்களா இது? இன்னொண்ணு போடுங்க."

ஜப்பார் கிளாஸைப் பார்த்தார், மருதாத்தாளைப் பார்த்தார்.

"நாளைக்கும் இதையே கொண்டாங்க அம்மிணி."

திரும்புகிற வழியில் மருதாத்தாள் பூசாரிக்கு ஒரு பெரிய பொட்டலம் சாம்பிராணி வாங்கிக்கொண்டாள்.