இந்த வாரப் பிழை

குக்கர் முதல் விசில் அடிப்பதற்குள் ஒரு காட்சியை எடுத்து முடித்துவிட வேண்டும் என்பதுதான் அந்தச் சேனலின் முதல் சட்டம். கீழே சமையலறை, மேலே படுக்கையறை. அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மாடிப்படியில் நின்று, "வச்சாச்சு" என்று குரல் கொடுப்பாள். உடனே அக்கா மின்விசிறியை நிறுத்துவாள், வெளிச்சத்தம் வராமலிருக்க ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிடுவாள், தம்பி கேமரா முன்னால் உட்கார்ந்து வியர்க்கத் தொடங்குவான். அவன் முதுகுக்குப் பின்னால் ஐந்து தட்டு இரும்பு அலமாரி. படக்கதைப் புத்தகங்கள், பொம்மை ரோபோக்கள், அட்டையில் ஒட்டிச் செய்த ஒரு விண்கலம். சேனலுக்குப் பெயரும் 'அலமாரி' என்றே வைத்துவிட்டார்கள். வேறு பெயர் யோசிக்க யாருக்கு நேரம்.

புத்தகங்கள் எல்லாம் அக்காவுடையவை, இதழ் வரிசை தவறாமல் அடுக்கி வைப்பதும் அவளே. பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசை அவளுக்கு வேலை. உள்ளே யாராவது வாயைப் பிளந்து கிடக்கும் நேரத்தில், இவள் மேசைக்கு அடியில் படக்கதையைப் பிரித்து வைத்துக்கொள்வாள். கதாநாயகன் 'நிலாக் காவலன்' தொப்பியில் எத்தனை கோடு, அவன் விண்கலத்தின் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்த இதழில் ஓவியர் மாறினார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தம்பிக்கும் படக்கதைக்கும் இருந்த உறவு, சின்ன வயதில் அவள் புத்தகங்களின் அட்டையைக் கிழித்து அடி வாங்கியது மட்டும்தான். ஆனால் அவனுக்கு முகம் இருந்தது, வாய் இருந்தது. அவளுக்குக் கேமராவைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதலில் அவளை உட்காரவைத்துத்தான் எடுத்துப் பார்த்தார்கள். பதினோரு முறை எடுத்தும் வணக்கத்தைத் தாண்டவில்லை. சரி, அவள் எழுதினாள், அவன் பேசினான், அவள் வெட்டி ஒட்டினாள்.

மூன்றாவது வீடியோவில் தம்பி, நிலாக் காவலன் தொப்பியின் மூன்று கோட்டை நான்கு என்று சொல்லித் தொலைத்தான். திரும்ப எடுக்கலாம் என்றால் குக்கர் கத்திவிட்டது, அவனுக்கும் பொறுமை போய்விட்டது. அக்கா கடைசியில் இரண்டு வரி சேர்த்தாள்: இந்த வீடியோவில் ஒரு பிழை இருக்கிறது. நிமிடம், விநாடியோடு கண்டுபிடித்துச் சொல்பவருக்கு ஒரு காபிக் கோப்பை. பின்னால் நடந்ததற்கெல்லாம் விதை அவள் கையாலேயே விழுந்தது என்பதை அவளே ஒருநாள் ஒப்புக்கொள்வாள். அன்றைக்கு அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து அவள் வேண்டுமென்றே ஒரு பிழையை ஒளித்து வைத்தாள். 'இந்த வாரப் பிழை' என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. ஜனங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள், திரும்பப் பார்த்தார்கள், கமெண்டில் சண்டை போட்டார்கள். கணவனும் மனைவியும் பேச்சுவார்த்தை இல்லாமல் போன வீடு ஒன்றில் இதற்காக மறுபடி பேச ஆரம்பித்தார்கள் என்று யாரோ எழுதியிருந்தார்கள். கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்து, முத்துமுத்தான கையெழுத்தில் முகவரி எழுதுவது அம்மாவின் பொறுப்பு. அனுப்புநர் இடத்தில் தம்பியின் பெயர் இருக்கும்.

அதிகக் கோப்பை வாங்கியவர் ஒரு கணக்கு வாத்தியார். மொத்தம் ஏழு. மற்றவர்கள் பத்து வரி எழுதும் இடத்தில் அவர் ஒரு வரி எழுதுவார். "6:41. கதவு இடப்பக்கம் திறக்கும்." அவ்வளவுதான். அக்கா நேரில் பார்க்காத அந்த மனிதருக்காகவே எழுதினாள் என்றுகூடச் சொல்லலாம். மற்ற எல்லாரும் ஏமாந்து, அவர் மட்டும் பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பிழை வைப்பாள். அவர் பிடித்த அன்று கிளினிக்கில் சொத்தைப்பல்லோடு வந்தவர்களிடம்கூடச் சிரித்துப் பேசுவாள்.

பார்ப்பவர்கள் ஐம்பதாயிரம் ஆனார்கள், இரண்டு லட்சம் ஆனார்கள். கடைவீதியில் தம்பியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "இவ்வளவு விஷயம் எப்படித்தான் மண்டையில வச்சிருக்கீங்களோ" என்று கேட்டவர்களிடம் அவன் தலையைச் சொறிந்துகொண்டு அடக்கமாகச் சிரித்தான். அந்த அடக்கத்தைப் பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்று அக்கா பார்த்தாள். அவளுக்கு வயிறு எரிந்தது. எரியவில்லை என்று சொன்னால் பொய்.

ஒருநாள் கேட்டேவிட்டாள். "நூறாவது வீடியோல என் பேரை ஒரே ஒரு தடவை சொல்லுடா. மூஞ்சியெல்லாம் காட்ட வேண்டாம். இவதான் எழுதுறான்னு சொன்னா போதும்."

"இதுக்கா இவ்வளவு தயங்குற? மேடையில ஏத்தியே சொல்றேன்கா," என்றான் அவன். மனதாரத்தான் சொன்னான். அப்போது அவன் அப்படித்தான் இருந்தான்.

நூறாவது வீடியோவை ஓர் அரங்கத்தில் ரசிகர்களை உட்காரவைத்து நேரலையாக எடுத்தார்கள். அக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு, கடைசி வரிசையில் ஒலி மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடைப்படி ஏறும்போது தடுக்காமலிருக்கச் செருப்பைக்கூட மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். அன்றைய பிழையை எழுதித் தந்த பகுதியில் வழக்கம்போல ஒளித்து வைத்திருந்தாள். அதை அவன் பேசி முடிக்கும்வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. கைதட்டலில் தலைகால் புரியாமல் போன தம்பி, எழுதாத ஒன்றை ஆரம்பித்தான்: யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

மூன்றாவது வரிசையில் மெலிந்த ஒருவர் எழுந்து தன்னைக் கணக்கு வாத்தியார் என்று சொல்லிக்கொண்டார். கூட்டம் அவருக்கும் கைதட்டியது. நிலாக் காவலன் எட்டாவது இதழில் வருகிற கொள்ளைக்காரன் பெட்டகத்தை எந்தக் கையால் திறக்கிறான் என்று கேட்டார்.

"வலது கை," என்றான் தம்பி, யோசிக்காமல்.

"அவனுக்கு வலது கையே கிடையாதே தம்பி. ஏழாவது இதழ்லயே போயிடுச்சே," என்றார் வாத்தியார். குத்திக்காட்டும் குரல் இல்லை. ஒரு பையனுக்குக் கணக்கைத் திருத்துகிற குரல்.

அக்கா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். இதைவிட நல்ல சமயம் வராது. 'இதெல்லாம் எங்க அக்காவுக்குத்தான் தெரியும், அவளையே கேட்போம்' என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தம்பி கடைசி வரிசைப் பக்கம் பார்க்கத்தான் செய்தான். அவள் பாதி எழுந்து நிற்பதையும் பார்த்தான். பிறகு வாத்தியார் பக்கம் திரும்பி வாய்விட்டுச் சிரித்தான்.

"பிடிச்சுட்டீங்களே சார். அதுதான் இந்த வாரப் பிழை."

கூரை அதிரக் கைதட்டினார்கள். வாத்தியார் கைதட்டவில்லை. கையில் மடித்து வைத்திருந்த சீட்டைப் பார்த்தார். உண்மையான பிழையை அவர் முன்பே கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தார் என்பது, அந்தச் சீட்டை அவர் சட்டைப் பைக்குள் திருப்பி வைத்த விதத்திலேயே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு ஒரு பிழைதான். இரண்டு இருக்க வழியில்லை. அவர் மேடையேறி எட்டாவது கோப்பையை வாங்கிக்கொண்டு, வாசல் வழியாகப் போயே போய்விட்டார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. அன்றைக்கு அக்காவின் பெயரையும் யாரும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் காரில், சூழ்நிலை அப்படி ஆகிவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்றான் தம்பி.

ஒரு தடவை ருசி கண்டுவிட்டான், அவ்வளவுதான். ஒரு வீடியோவுக்கு அவள் ஒரு வாரம் எழுதுகிறாள் என்று அலுத்துக்கொண்டு, வாரத்துக்கு மூன்று வீடியோ அவனே பேச ஆரம்பித்தான். அங்கே இங்கே பொறுக்கியதை வைத்து அடித்துவிட்டான். தப்பு வந்ததா, வேண்டுமென்றே வைத்தது. தேதி மாறியதா, வேண்டுமென்றே வைத்தது. ஓவியரின் பெயரையே மாற்றிச் சொன்னதற்கும் அதே சப்பைக்கட்டு. அக்கா சொல்லிப் பார்த்தாள். அவனுக்குக் கோபம் வந்தது. அவள் வேலை எடிட்டிங்கும் அலமாரி அடுக்குவதும் மட்டும் என்று ஆயிற்று.

பார்க்கிறவர்கள் என்ன கேனையா? விளக்கெண்ணெய் விட்டுப் பழகிய கண்கள் அல்லவா. இவளே பழக்கிய கண்கள். "இதுவும் இந்த வாரப் பிழையா?" என்பது முதலில் கேலியானது, பிறகு வசவானது. ஓர் ஓவியர் இறந்த செய்தியை அவன் வேறோர் ஓவியரின் பெயரில் வாசித்து, அதையும் வேண்டுமென்றே வைத்ததாக மழுப்பிய அன்று கூட்டம் மொத்தமாகக் கலைந்தது. லட்சம் ஆயிரமானது, ஆயிரம் நூறானது. கோப்பைப் போட்டியை நிறுத்தினார்கள். அம்மா மிஞ்சிய ஒரு கோப்பையைப் பாத்திர அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்தாள். குக்கரை இப்போது எப்போது வேண்டுமானாலும் வைத்தாள்.

ஆறு வருஷம் முடியும்போது தம்பிக்கு ஒரு செல்போன் நிறுவனத்தில் விளம்பரம் பேசும் வேலை கிடைத்தது. விடைபெறும் வீடியோ ஒன்று மட்டும் பாக்கி. அவன் பாதிப் பொம்மைகளை ஏற்கெனவே விற்றிருந்ததால், அக்கா எஞ்சியவற்றை வைத்து அலமாரியைக் காலியாகத் தெரியாதபடி அவசரமாக அடுக்கினாள். கண் கலங்கியிருந்தது. அவன் பேசிவிட்டுப் போனான். மறுநாள் கிளினிக்குக்கு விடுப்புப் போட்டுவிட்டு எடிட்டிங்கில் உட்கார்ந்தாள். நான்காவது நிமிடம், பன்னிரண்டாவது விநாடியில் அவன் சொன்னான்: "ஆறு வருஷத்துக்கு முன்னாடி, இதே ரூம்ல, தனி ஆளா இதை ஆரம்பிச்சேன்."

நான்கு முறை திரும்ப ஓடவிட்டாள். பிறகு போன் செய்து, இந்த வரி இருக்கட்டுமா என்று கேட்டாள்.

"தனின்னு சொன்னாதான்கா கேக்குறவங்களுக்கு மனசைத் தொடும்," என்றான்.

அவள் வெட்டவில்லை. வீடியோவின் கடைசியில் அவனைக் கேட்காமல் இரண்டு வரி சேர்த்தாள்: இதில் ஒரு பிழை இருக்கிறது. கண்டுபிடிப்பவருக்குக் கடைசிக் கோப்பை.

ஒன்பது நாள் காத்திருந்தாள். இதயங்கள் வந்தன, கண்ணீர்ப் பொம்மைகள் வந்தன. நீ சேனல் ஆரம்பித்ததுதான் பிழை என்று ஒருவன் எழுதினான். அவள் கிளினிக்கில் போனை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, முன்பு படக்கதை படித்தது போலக் கமெண்டைப் படித்தாள். வாத்தியார் பார்த்தால் போதும். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. எந்த வரி யார் எழுதியது என்பதுகூட அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் அவர் வந்துவிட்டார். இந்த முறை ஒரு வரிக்கு மேல் எழுதியிருந்தார்.

"2:40. பின்னால் மூன்றாம் தட்டு. நிலாக் காவலன் ஒன்பதாம் இதழ் எட்டாம் இதழுக்கு முன்னால் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அந்த அலமாரி ஒருமுறைகூட வரிசை தவறியதில்லை. உங்கள் பேச்சில் தப்பு வந்த நாளிலும், அடுக்குவதில் உங்கள் கை தவறியதில்லை, தம்பி. அதற்காகத்தான் பார்த்தேன்."

அவள் வீடியோவைத் திறந்து பார்த்தாள். உண்மைதான். அது அவள் வைத்த பிழை இல்லை, அவள் கை செய்த பிழை. நான்காவது நிமிடத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதில் அவருக்குப் பிழையே தெரியவில்லை.

விதி விதிதான். முதலில் சரியாகச் சொன்னவருக்குக் கோப்பை. அம்மா மேல்தட்டிலிருந்து அதை எடுத்துத் தூசி தட்டி, செய்தித்தாளில் சுற்றி, பெட்டியில் வைத்து ஒட்டினாள். வாத்தியாரின் முகவரி அவளுக்கு மனப்பாடம். எழுதி முடித்துவிட்டு, அனுப்புநர் இடத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"இவ்வளவு நாளும் அவன் பேரைத்தான் போட்டேன். இதுலயாவது உன் பேரைப் போடட்டுமா?"

அக்கா ஜன்னலிலிருந்து கம்பளியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்மா, தம்பி பேரையே போடு. என் பேரைப் போட்டா யார் அனுப்பினாங்கன்னு அவருக்குத் தெரியாது."