சத்தமில்லாமல் இறங்கிய பெரிய வண்டி

வாருங்கள் கண்ணுகளா, கிட்டே வாருங்கள். இன்னும் கொஞ்சம். இந்தக் கதையைக் கூவிச் சொல்ல முடியாது. நடுவில் ஓர் இடத்தில் இன்ஜின் அணைந்துவிடும், அந்த அமைதி உங்கள் காதில் விழவேண்டும். ஒரு பெண், ஒரு ஸ்போர்ட்ஸ் பைக், எழுபது கொண்டை ஊசி வளைவு. சரக்கு இவ்வளவுதான். உங்களைச் சிரிக்கவைத்து அனுப்புவது என் பொறுப்பு.

அத்தியாய எண் எழுபதில் தொடங்கிக் கீழே இறங்கும். கொல்லிமலைப் பாதையில் வளைவுகளுக்கு அடிவாரத்திலிருந்து எண் எழுதியிருக்கிறார்கள். நாமோ மேலேயிருந்து வருகிறோம். எல்லா வளைவிலும் நிற்கமாட்டேன், பயப்படாதீர்கள்.

70

கதை பிறந்த விதத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சித்திரையில் ஒரு நாள் காலை, அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மேலேறும் லாரிக்கு வழிவிட பஸ் ஓரங்கட்டி நின்றது. அப்போது ஒரு பெரிய பைக் எங்களைத் தாண்டி இறங்கிப் போனது. அந்த மாதிரி வண்டிகள் வந்தால் மரத்தில் இருக்கும் குரங்குகூடக் காதைப் பொத்திக்கொள்ளும். இது துளிச் சத்தம் இல்லாமல் போனது. தார்மேல் டயர் உருளும் சரசரப்பு மட்டும். ஓட்டியது ஒரு பெண். ஹெல்மெட்டுக்குக் கீழே பின்னல் ஆடியது. பின்சீட்டில் டை கட்டிய ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் இட்டுக்கட்டியது.

69

தொடக்கத்தை நான்கு முறை எழுதினேன்.

"சிங்கம்போல் கர்ஜித்தபடி அந்த வண்டி…" வேண்டாம். எங்கள் மலையில் சிங்கத்தை யார் பார்த்தார்கள்?

"இருபத்திரண்டு வயது சந்தோஷ்குமார் ஆக்சிலேட்டரைத் திருகியபோது…" இதையும் அடித்துவிட்டேன். இளவட்டத்தையும் வேகமான வண்டியையும் கொண்டை ஊசி வளைவையும் ஒரே பக்கத்தில் எழுதினால், அடுத்த பக்கத்தில் ஆம்புலன்ஸ் தானாக வந்துவிடுகிறது. என் கை அப்படிப் பழகியிருக்கிறது. அதனால் அந்தப் பையனைப் பத்திரமாக ஊட்டுக்கு அனுப்பிவிட்டேன். இந்தக் கதையில் யாரும் விழமாட்டார்கள். இது சத்தியம்.

மூன்றாவது, மழையில் தொடங்கியது. சித்திரையில் ஏது மழை.

நான்காவது இது: ஜெயசுதாவுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

68

ஜெயசுதாவுக்கு முப்பத்தெட்டு வயது. மலைமேல் பெரக்கரை நாட்டுக்காரி. (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு.) பலாக் காலத்தில் பழைய நூறு சிசி வண்டியில் பழத்தைக் கட்டிக்கொண்டு தினம் காரவள்ளிக்கு இறங்குவாள். பலா முடிந்தால் ஓசூரில் கட்டட வேலை. மகள் ஆர்த்தியை ஹாஸ்டலில் விட்டுப் போகவேண்டும். போன வருஷம் அப்படிப் போனாள். திரும்பி வந்தபோது ஆர்த்தி அவளை "வாங்க" என்று கூப்பிட்டாள். மகள் அம்மாவை விருந்தாளிபோல் "வாங்க" என்றதை அவளால் மறக்க முடியவில்லை.

(கணவர் எங்கே என்று கேட்பீர்கள். ஒரு பத்தி எழுதினேன். கதை முக்கி முனகியது, எடுத்துவிட்டேன். நல்ல மனிதர். ஓசூரில் பூச்சு வேலை செய்கிறார்.)

கீழே ஒரு பைக் ஷோரூம். பெயர் வைக்கவில்லை, நீங்களே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மலைமேல் செம்மேட்டில் பந்தல் போட்டு, வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு மலைப்பாதையில் டெஸ்ட் ரைடு கொடுக்க முடிவுசெய்தார்கள். கூட்டிப்போய்க் காட்ட உள்ளூர் ஆள் தேவை. மாதச் சம்பளம். ஓசூர் போகவேண்டியதில்லை. ஆனால் முதலில் அவளே அந்தப் பெரிய வண்டியை ஒருமுறை இறக்கி ஏற்றிக் காட்டவேண்டும். மேனேஜர் குணசேகரன் பின்னால் உட்கார்ந்து மார்க் போடுவார்.

"ஏனுங்கம்மா, பெரிய வண்டி ஓட்டியிருக்கீங்களா?"

"இல்லீங்க சார். பெரிய பலாப்பழம் வெச்சு ஓட்டியிருக்கறேனுங்க."

"எவ்வளவு பெருசு?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ரெண்டு மூட்டை சேந்தா உங்க அளவு வருமுங்க. பழம் பேசாது. அதொண்ணுதான்."

67

சாவியைத் திருப்பி பட்டனை அமுக்கினாள். எருமை தூக்கத்தில் பெருமூச்சு விட்டதுபோல் வண்டி அதிர்ந்தது. (சிங்கத்துக்கு எருமை மேல். இருக்கட்டும்.) அவள் வண்டியில் ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகினால் வருகிற வேகம், இதில் விரல் நகம் அளவு திருகியதற்கே வந்துவிட்டது. கை இரண்டும் நீண்டன, வயிறு பின்னால் போய் மேனேஜரிடம் ஒட்டிக்கொண்டது.

"அய்யோ சாமி!" என்றாள்.

"மெதுவாங்க!" என்றார் அவர்.

"நான் ஒண்ணுமே பண்ணலீங்க சார்!"

அது உண்மை.

66

இங்கேதான் அது நடந்தது. வலது கைப்பக்கம் இருந்த சிவப்பு சுவிட்சைக் கட்டைவிரல் தானாகத் தேடிப் பிடித்து அமுக்கியது. இன்ஜின் அணைந்தது. நியூட்ரலுக்குத் தட்டிவிட்டாள்.

அமைதி. கேட்கிறதா? அதற்குத்தான் கிட்டே கூப்பிட்டேன்.

"வண்டி நின்னு போச்சுங்களா?"

"நிக்கலீங்க சார். நாந்தான் ஆஃப் பண்ணுனேன்."

"எதுக்குங்க?"

"எறக்கமுங்களே."

"எறக்கம்னா?"

"எறக்கத்துல எதுக்குங்க பெட்ரோலு? மலையே கொண்டுபோயி உட்ருமுங்க."

"ஏனுங்கம்மா, இது அறுநூத்தம்பது சிசிங்க!"

"அப்ப இன்னும் நல்லா உருளுமுங்க."

கீழ்நாட்டு வாசகர்கள் சிரிப்பீர்கள். மலையில் யாரும் சிரிக்கமாட்டார்கள். காரவள்ளிவரை இன்ஜினை அணைத்து இறங்குவது எங்களுக்கு வெயிலில் குடை பிடிப்பதுபோல. யாரும் யோசித்துச் செய்வதில்லை.

52

ஒரு பஸ் ஓரங்கட்டி நிற்கிறது. ஜன்னலோரம் ஒரு கிழவி வாயைப் பிளந்து பார்க்கிறாள். அது நான்தான். ஜெயசுதா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன்னை எழுதப்போகிறவளிடம் ஒரு மரியாதை வேண்டாமா?

"இறங்கிக்கறேனுங்கம்மா, பஸ்ஸு நிக்குதுங்க!" என்று மேனேஜர் கேட்டாரோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்வோம்.

41

கருகல் வாசம். அடுப்பில் கைப்பிடித் துணி பற்றிக்கொண்டால் வருமே, அது. அவளுடைய பழைய வண்டி சாக்குமூட்டை கனம். இது நல்ல காளை கனம், மேலே இரண்டு பேர். இருபத்தைந்து வளைவாக அத்தனையையும் பிரேக் ஒன்றே தாங்கி வந்திருக்கிறது. பிரேக்கைப் பிடித்தாள். களிமாவை அமுக்கியதுபோல் உள்ளே போனது. வண்டியின் வேகம் போதிய அளவு தணியவில்லை. நாற்பதாம் வளைவு எதிரே வருகிறது, அதற்கப்பால்…

இங்கே மூன்று நாள் எழுதாமல் விட்டுவிட்டேன்.

உண்மையாகச் சொல்கிறேன். சத்தியம் செய்துவிட்டேன், எப்படிக் காப்பாற்றுவதென்று தெரியவில்லை. மூன்று நாளும் ஜெயசுதா அந்தச் சரிவிலேயே தொங்கிக்கொண்டிருந்தாள், பின்னால் கண்ணை மூடிய மேனேஜரோடு. எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் செம்மேட்டு மெக்கானிக் ராசுவிடம் போய் வாசித்துக் காட்டினேன். ஸ்பானரைக் கீழே வைக்காமலே கேட்டான்.

"ஏன் பெரீம்மா அந்தப் புள்ளைய இப்படி வதைக்கறீங்க? சுவிட்சப் போட்டு, கியரத் தட்டி, கிளட்ச மெல்ல உடச் சொல்லுங்க. இன்ஜின் உசுப்பிக்கும். வண்டியே வண்டியப் புடிச்சுக்கும்."

"அவளுக்கு அது தெரியுமாடா?"

"பேட்டரி செத்த வண்டிய உருட்டி ஸ்டார்ட் பண்ணாத ஆளு இந்த மலைல யாரு இருக்கா? உங்களுக்குத்தான் தெரியல."

40

சுவிட்சைப் போட்டாள். இரண்டாம் கியர். கிளட்சை மெல்ல விட்டாள்.

வண்டி உறுமி விழித்தது. மேனேஜரின் ஹெல்மெட் அவள் ஹெல்மெட்டில் "டொக்" என்று இடித்தது. கயிறு போட்டுப் பின்னால் யாரோ இழுத்ததுபோல் வேகம் தணிந்தது. நாற்பதாம் வளைவில் வண்டியின் பெரிய உடம்பு சாய்ந்து, திரும்பி, நிமிர்ந்தது. அடுத்த அகலமான இடத்தில் நிறுத்திக் காலை ஊன்றினாள்.

இவ்வளவு பெரிய இன்ஜின் ஓடுவதற்கு மட்டும்தான் என்று அவள் நினைத்திருந்தாள். அது பிடித்து நிறுத்தவும் செய்யும் என்று இப்போதுதான் தெரிந்தது.

"கண்ணத் தொறங்க சார்."

"இருக்கறமுங்களா?"

"இருக்கறமுங்க."

பிரேக் ஆறும்வரை அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மீதி வளைவுகளை இன்ஜின் ஓட, கியரில், நல்ல பிள்ளையாக இறங்கினாள்.

1

அடிவாரம். மேனேஜர் தண்ணீர் குடித்தார். பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். அதில் ஒரே ஒரு கேள்விதான் அவளுக்கு முக்கியம்: "வண்டியை முறைப்படி இயக்கினாரா?" பக்கத்தில் இரண்டு கட்டம். ஆம். இல்லை.

"நானே சொல்றேனுங்க சார். தப்புதான்," என்றாள் ஜெயசுதா.

"உசுரு போகத் தெரிஞ்சுதுங்கம்மா."

"ஆமாங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். மலைக்காரங்களுக்கு இந்த வண்டிய வித்தீங்களா?"

"ரெண்டு பேருக்கு. ரெண்டு பேரும் பிரேக் சரியில்லைன்னு சண்டைக்கு வந்தாங்க. பார்ட்ஸெல்லாம் மாத்திக் கொடுத்தோம். மறுபடியும் வந்தாங்க." சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். அவளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"அவங்களும் ஆஃப் பண்ணித்தானுங்க எறங்கியிருப்பாங்க," என்றாள். "இனி வர்றவனும் அதையேதான் பண்ணுவான். டை கட்டுன நீங்க ஆஃப் பண்ண வேண்டாம்னு சொன்னா, பெட்ரோல் செலவு வெக்கத்தான் சொல்றீங்கன்னு நெனைப்பான். நாஞ் சொன்னா கேப்பானுங்க. நாப்பதாவது வளைவுல நிறுத்தி, இங்கதான்டா சாமி எனக்குப் பிரேக் போச்சுன்னு காட்டுவேன்."

மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

0

இந்த எண்ணில் பாதையில் வளைவு இல்லை. இது நமக்காக நான் போட்டது.

முடிவு ஒன்று: "ஆம்" என்று டிக் செய்கிறார். ஆனால் இவள் வேண்டுமா என்று படிவம் கேட்கவில்லையே. அவள் முறைப்படி இயக்கவில்லை. நல்ல முடிவுக்காக ஒரு நேர்மையான மனிதரைப் பொய் எழுத வைக்கவா?

முடிவு இரண்டு: "இல்லை." பலா முடிந்ததும் ஓசூர் பஸ். இதை எழுதிப் பார்த்தேன். பேனா நகரவில்லை.

முடிவு மூன்று: "இல்லை" என்று டிக் செய்து, கீழே காலி இடத்தில் "அதனாலேயே இவர் வேண்டும்" என்று எழுதுகிறார். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் மேலிடத்தில் இருப்பவர்கள் காலி இடத்தைப் படிப்பார்களா? தெரியாது.

அதனால் படிவத்தை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். அவளை முழுசாகப் பார்த்தவர்கள் நீங்கள். மேனேஜர் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஒன்றை மட்டும் உங்களுக்கு விட்டுத்தரமாட்டேன். நீங்கள் எந்தக் கட்டத்தில் டிக் செய்தாலும், அந்த வண்டி செம்மேட்டுப் பந்தலுக்கு ஏறித்தான் ஆகவேண்டும்.

"நீங்க கொண்டாந்து உடுங்கம்மா," என்கிறார் குணசேகரன். "நான் பஸ்ஸுல வாரேனுங்க."

பின்சீட்டில் ஆள் இல்லை. ஏற்றத்தில் இன்ஜினை அணைக்க வழியும் இல்லை. முதல் வளைவில் விரல் நகம் அளவு திருகுகிறாள். ஐந்தில் இன்னும் கொஞ்சம். பன்னிரண்டில் அவள் பழைய வண்டி மூச்சுவாங்கி நிற்கும் செங்குத்தை, அவள் கவனிப்பதற்குள் இது தாண்டிவிட்டது. இருபதில் சிரிக்கத் தொடங்கிவிட்டாள், ஹெல்மெட்டுக்குள் அந்தச் சிரிப்பு அவளுக்கே பெரிதாகக் கேட்கிறது. மிளகுக்கொடி ஏறிய மரங்களும் மரவள்ளிக் காடும் பின்னால் பின்னால் போகின்றன. நாற்பதில் "வாரேன்!" என்று சொல்லிக்கொண்டு சாய்கிறாள். இன்னும் முப்பது வளைவு இருக்கிறது. அவளை அங்கேயே, போகிற போக்கில் விட்டுவிடுகிறேன்.

நீங்களும் எழுந்திருங்கள் கண்ணுகளா. உங்கள் ஊட்டிலிருந்து வெளியே போனவர்கள் எல்லாரும் பொழுதோடு வந்து சேரட்டும். வண்டிச் சாவி ஆணியில் மாட்டும் சத்தம் தினமும் உங்களுக்குக் கேட்கட்டும். வேலைக்குப் போய் வந்தவளை உங்கள் பிள்ளை "வா" என்றே கூப்பிடட்டும்.