இருவரும் சேர்ந்து

“ரெண்டு கையெழுத்து வேணும்மா” என்று சொல்லி, மியூச்சுவல் ஃபண்டு அலுவலகக் கவுண்டரில் இருந்தவர் நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தை என் பக்கமே தள்ளினார். எனக்குச் சுருக்கென்றது. ஐந்து வருடமாகத் தனியாகக் கட்டுவது நான். போவது என் சம்பளத்திலிருந்து. என் காசை நான் எடுக்க இன்னொருத்தி எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று குரலை உயர்த்தினேன். மனிதர் அசரவில்லை. கணினியில் எதையோ தட்டி, திரையை என் பக்கம் திருப்பி, பழைய விண்ணப்பம் ஒன்றின் நகலைக் காட்டினார். ‘இருவரில் ஒருவர்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. ‘இருவரும் சேர்ந்து’ என்ற கட்டத்தில் நீல மையில் பெரிய டிக். அதன் வால் பக்கத்துக் கட்டம் வரை நீண்டிருந்தது. சந்தேகமே இல்லை, நான் போட்டதுதான்.

அப்போது எனக்கு இருபத்தொன்று, அக்காவுக்கு இருபத்துநான்கு. சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டப் பழகிக்கொண்டிருந்தேன். அக்கா ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்து இஸ்திரி போடும் லாண்டரியில் இருந்தாள். கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த ஏஜென்ட் ஒருவர், லென்ஸ் தயாராகும் அரை மணி நேரத்துக்குள் என்னை மாதச் சேமிப்பு ஆளாக மாற்றிவிட்டுப் போனார். ஆளுக்கு ஐந்நூறு, மொத்தம் ஆயிரம், இருவர் பேரிலும் ஒரே கணக்கு. மூத்தவள் என்பதால் அக்கா பெயர் முதலில். கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு அக்கா படிவத்தை வரிக்கு வரி படித்தாள். பணம் எடுக்க யார் கையெழுத்து என்ற கேள்வி வந்ததும், நான் பேனாவைப் பிடுங்கி, “சேர்ந்துன்னே போட்டுக்கலாம்க்கா, அதுதான் பாக்க நல்லா இருக்கு” என்றேன். பார்க்க நன்றாக இருக்க அது என்ன கல்யாணப் பத்திரிகையா? உலகத்தில் வேறு எவளாவது இப்படிச் செய்திருப்பாளா?

பத்து மாதம்கூட முழுதாக ஓடவில்லை. லாண்டரி வேன் ஓட்டுகிறவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக அக்கா சொன்னாள். அவரிடம் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு இருந்தது பயம். அந்த அறையில் தனியாகப் படுக்கப் பயம். அதைச் சொல்ல வாய் வராமல், “அப்போ உன் பங்கு ஐந்நூறு? அதை யாரு கட்டுவா?” என்று கேட்டேன். அக்கா என்னை நம்ப முடியாமல் பார்த்தாள். “நான் போறேன்னு சொல்றேன், நீ ஐந்நூறுக்குக் கணக்குப் பாக்கிறியா?” என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா நான்? “போ, போ. உன் பங்கையும் நானே கட்டிக்கிறேன். இனிமே எனக்கு அக்காவே இல்லன்னு வெச்சுக்கிறேன்” என்றேன். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தன் சாவியைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டுத்தான் போனாள்.

ஊரில் இருக்கிறவர்கள் திட்டம் போட்டுச் சேமிக்கிறார்கள். நான் வீம்பில் சேமித்தேன். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வங்கியிலிருந்து பணம் எடுத்தாயிற்று என்று தகவல் வரும்போது, “பாத்தியா, கட்டிட்டேன்” என்று மனதுக்குள் அவளிடம் சொல்வேன். கையைக் கடித்த மாதங்கள் உண்டு. இரண்டு வருடம் ஒரே ஜோடிச் செருப்பைத் தைத்துத் தைத்துப் போட்டேன். சந்தை விழுந்த வருடத்தில் எங்கள் கடை விற்பனையாளர் பதறிப் போய் எல்லாவற்றையும் எடுத்து நஷ்டப்பட்டார். நான் தொடவில்லை. அறிவாளி என்பதால் இல்லை. அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தால் முதல் வரியில் அவள் பெயர் இருக்கும். இப்படி வருடத்துக்கு ஒரு முறை வருகிற அறிக்கையைப் பிரிக்காமலே அலமாரியில் போட்டுப் போட்டு, போன மாதம் ஒன்றைப் பிரித்தபோது மயக்கமே வந்தது. வீம்புக்கு இவ்வளவு வளர்ச்சி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே!

பிரித்ததற்குக் காரணம் இருந்தது. முதலாளி கடையைச் சின்னதாக்கி, லென்ஸ் வெட்டும் மெஷினை விற்கப் போகிறார். எந்தச் சக்கரம் எந்தக் கண்ணாடிக்கு முரண்டு பிடிக்கும் என்று எனக்கு மட்டும் தெரிந்த மெஷின். அது கையில் இருந்தால் நான்கு கடைகளுக்கு வேலை எடுத்துச் செய்யலாம். இல்லையென்றால் அடுத்த மாதத்திலிருந்து எனக்கு வேலையே இல்லை. “வெள்ளிக்கிழமை வரைக்கும் உனக்காக வெச்சிருப்பேன்மா. அதுக்கு மேல அடுத்த தெருக்காரர் தூக்கிட்டுப் போயிடுவார்” என்றார். விலையும் என் கணக்கில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்று. நான் கவுண்டரில் நின்றது செவ்வாய்க்கிழமை.

அக்கா எங்கே வேலை பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதே லாண்டரிதான். அந்தத் தெரு வழியாகப் போகாமல் இருப்பதற்காகவே ஐந்து வருடமாகச் சுற்றுப் பாதையில் போகும் பஸ்ஸில் ஏறுகிறேன். அன்று நேர் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் சண்டைக்கு ஒத்திகை பார்த்தேன். ‘பாதி எனக்கு’ என்பாளோ, ‘அக்காவே இல்லன்னியே, இப்போ எதுக்கு வந்தே’ என்பாளோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன்.

உள்ளே நீராவியும் சோப்பு வாசனையும். அக்கா நீளமான மேஜைக்கு முன்னால் நின்று, ஒரு வெள்ளை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பைவிடக் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். என்னைப் பார்த்தாள். முகம் ஒரு நொடி என்னவோ ஆனது. பிறகு, “கூட மடிக்கிறவ இன்னைக்கு லீவு. கையைக் கழுவிட்டு வா, அந்த முனையைப் புடி” என்றாள்.

கழுவிக்கொண்டு வந்து பிடித்தேன். வேறென்ன செய்ய? இழுத்து உதறி, பாதியாக்கி, அவளை நோக்கி நடந்து என் முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து மடிப்பைப் பிடித்தேன். ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு தடவை அவள் விரல்கள் என் விரல்களில் பட்டன. முப்பது, நாற்பது விரிப்பு இருக்கும். தயாராக வைத்திருந்த பதில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

“என்ன விஷயம்?” என்றாள் கடைசியில்.

“ஒரு கையெழுத்து வேணும். அந்தக் கணக்கை எடுக்கணும்.”

“எப்போ வரணும்?”

“நாளைக்கு.”

“பத்து மணிக்கு வந்துடறேன்.”

அவ்வளவுதான். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. வெளியே வந்த பிறகு எனக்கு அழுகை முட்டியது. வேலை முடிந்தது, சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

மறுநாள் எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பையன் பள்ளிக்கூடம் போகிறான் என்றாள். நான் ஒருவனுக்குச் சித்தி என்பதே அப்போதுதான் தெரியும். நான் மெஷினைப் பற்றிச் சொன்னேன். “நீ அதைக் கட்டி மேய்ச்சிடுவே” என்றாள். படிவத்தில் முழுத் தொகையும் எடுப்பதாக எழுதி, மாதத் தவணையை நிறுத்தி, கணக்கை முடிப்பதற்கான கட்டத்தையும் நிரப்பினேன். மெஷின் வந்த புதிதில் என்ன வருமானம் வரும் என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு காசுக்கும் வேலை இருக்கும். நான் கையெழுத்துப் போட்டேன். அக்கா பேனாவை வாங்கிக்கொண்டு, எந்தக் கட்டத்தையும் படிக்காமல் தன்னுடையதைப் போட்டாள். அன்றைக்கு வரிக்கு வரி படித்தவள்.

கவுண்டர்காரர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். “ரெண்டு நாள்ல பணம் ஏறிடும். கணக்கு முடிஞ்ச தகவல் எந்த நம்பருக்கு வரணும்? இதுவரைக்கும் எல்லா மெசேஜும் முதல் பேர்ல இருக்கிறவங்க நம்பருக்குத்தான் போயிருக்கு. கட்டுறவங்க நீங்க. உங்க நம்பருக்கு மாத்திடவா?”

“வேணாம்!” என்றாள் அக்கா. வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னக்கா?”

அவள் செல்போனைத் திறந்து என்னிடம் நீட்டினாள். தவணை வந்து சேர்ந்தது, நன்றி. தவணை வந்து சேர்ந்தது, நன்றி. ஃபண்டுக்காரர்கள் அனுப்பிய ஒரே வரி. மேலே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. அறுபதுக்கு மேல் இருக்கும். ஒன்றைக்கூட அவள் அழிக்கவில்லை.

“ஃபோன் மாத்தினப்போகூட ரிப்பேர் கடைக்காரன் கால்ல விழாத குறையா கெஞ்சி, இதைப் புதுசுல ஏத்தி வாங்கினேன்” என்றாள். “அஞ்சாம் தேதி இது வந்துட்டா, வாண்டு நல்லா இருக்கா, வேலைக்குப் போறா, சம்பளம் வாங்குறான்னு தெரிஞ்சுக்குவேன். அப்புறம் அந்த மாசம் முழுக்கக் கவலை இல்ல.”

வாண்டு. அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட வேறு யாரும் கிடையாது.

“ஒரே ஒரு தடவை வரல. ஒன்பதாம் தேதி வரைக்கும் பாத்தேன். மனசு கேக்கல, உன் கடைக்கு எதிர்ல வந்து நின்னேன். கண்ணுல கட்டுப் போட்டுக்கிட்டு மெஷின்ல உக்காந்திருந்தே. ஒத்தைக் கண்ணோட அந்த விற்பனையாளரை என்ன திட்டு! சரி, இவ பொழச்சுக்குவான்னு திரும்பி வந்துட்டேன்.”

கண்ணாடிச் சில்லு தெறித்து மூன்று வாரம் சம்பளம் இல்லாமல் கிடந்துவிட்டு, கட்டோடு வேலைக்குத் திரும்பிய மாதம் அது. அன்றைக்கு நான் ஒரு தடவை தலையைத் திருப்பி இருந்தால் போதும்.

“உள்ள வந்திருக்கலாம்லக்கா?”

“அக்காவே இல்லன்னவகிட்ட எப்படிடி வர்றது?”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என்னால் முடியவில்லை. நடுக் கவுண்டரில், பின்னால் அத்தனை பேர் நிற்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அந்தப் படிவத்தைக் குடுங்க சார். பணத்தை எடுத்துக்கிறேன், ஆனா கணக்கை முடிக்க வேணாம். மாசத் தவணை ஓடட்டும்” என்றேன்.

“அடிச்சுத் திருத்தினா செல்லாதும்மா” என்று சலித்துக்கொண்டே புதுப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். “கணக்குல குறைஞ்சது கொஞ்சமாவது விட்டு வைக்கணும். இனிமே மாசம் எவ்வளவுன்னு தெளிவா எழுதிடுங்க.”

மறுபடியும் பெஞ்சுக்கு வந்தோம். அக்கா பையை மடிக்கு எடுத்துக்கொண்டு இடம் விட்டாள். பெயர், முகவரி, எண் எல்லாம் எழுதி முடித்து, மாதத் தொகை என்ற இடத்தில் வந்து நின்றேன். பழைய ஆயிரம் நடக்காது. ஐந்நூறு? முந்நூறு? வாடகை, மின்சாரம், சக்கரம் தேய்ந்தால் புதுச் சக்கரம் என்று மனதில் ஓட்டிப் பார்த்தேன். கணக்கு உதைத்தது.

“எதுக்கு இப்படி முழிக்கிறே? என் பங்குன்னு ஒண்ணு இருக்குல்ல, நகரு” என்றாள் அக்கா. படிவத்தைத் தன் முழங்காலுக்கு இழுத்து, என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள். நான் எட்டிப் பார்த்தேன். பரீட்சையில் விடையை மறைக்கும் பிள்ளை மாதிரி இடது கையைக் குவித்து அந்தக் கட்டத்தை மூடினாள். இஸ்திரி சுட்ட பழைய தழும்புகள் இருந்த கை. அதற்குப் பின்னால் பேனா நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது.