அதுக்கு முதல் எவ்விடம்?

இலங்கை 1948இல் சுதந்திரம் பெற்றது என் மனுசன் நவரட்ணத்துக்குத் தீராத தலைவலி. எனக்கு அவர் தலைவலி. வெள்ளைக்காரன் எங்களைக் கேளாமல் நாட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போன கதையை அவரிடம் கேட்டுக் களைக்காத ஆள் கனடாவில் நாங்கள் இருக்கிற இந்த மல்வேர்னில் இல்லை. மகள் பிரசாந்தினியைப் பெண் கேட்டு வருகிற அன்றாவது அரசியல் பேசாதேங்கோ என்று காலையிலிருந்து தொண்டைத்தண்ணி வற்றக் கத்தினேன். தலையை ஆட்டினார். மாடும்தான் ஆட்டும்.

ராஜீவ் அவளோடு படித்த பிள்ளை. அவனைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். அவனும் தாய் தகப்பனும் பிறம்ரனிலிருந்து வந்து ரோல்ஸில் ஒரு கடி கடிக்கவில்லை, இவர் தொடங்கிவிட்டார். சுதந்திரம் கிடைத்த கையோடு போட்ட குடியுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்டவேலைக்கு வந்த மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கிய அநியாயம், அதற்குப் பாராளுமன்றத்தில் கை தூக்கிய எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் என்று மூச்சு விடாமல் திட்டினார். நான் கண்ணைக் காட்டிக் காட்டி ஓய்ந்தேன்.

பிறகு, எங்கள் சனம் யாரைக் கண்டாலும் கேட்கிற கேள்விக்கு வந்தார். ஊரில் எவ்விடம்?

ராஜீவின் தகப்பன் சிவராமன் அட்டன் என்றார். அது உத்தியோகம் பார்த்த இடமாக்கும், சொந்த ஊர் எது என்றார் இவர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகிப் போனவர் என்று தானாகவே முடிவு கட்டியிருந்தார். சொந்த ஊரே அதுதான், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் என்றார் சிவராமன். அதோடு விட்டாரா?

"அதுக்கு முதல் எவ்விடம்? அப்பா எங்கை பிறந்தவர்? அப்பப்பா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிவராமன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கப்பா நாப்பத்தேழு தேர்தல்ல ஓட்டுப் போட்டவரு. நீங்க திட்டுனீங்களே, அந்தச் சட்டம் வந்து இதே கேள்வியத்தான் கேட்டுச்சு. அப்பா எங்க பொறந்தாரு, தாத்தா எங்க பொறந்தாருன்னு. அவரால நிரூபிக்க முடியல. சாகுற வரைக்கும் ஓட்டும் இல்ல, நாடும் இல்ல." அவர் குரலை உயர்த்தவில்லை. "இங்கயும் பதில் சொன்னாத்தான் பொண்ணு குடுப்பீங்களா?"

பிரசாந்தினியின் முகம் செத்துவிட்டது. இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, சும்மா கேட்டனான் என்று முணுமுணுத்தார். சும்மாவாம்! எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

"உவருக்கு நீங்கள் மறுமொழி சொல்லவேண்டாம் அண்ணை," என்றேன். "எங்கடை பிள்ளையை எடுப்பியளோ எண்டு நாங்கள்தான் உங்களைக் கேக்கவேணும்."

சிவராமன் கோப்பையைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு பிரசாந்தினியைப் பார்த்து, "வாம்மா, இப்படி வந்து உக்காரு," என்றார்.

எழும்பி இடம் விட்டது என் மனுசன்.