தோள்வரை ஏறிய மோதிரம்

பிழைத்து வந்தவள் குறை சொல்லக் கூடாது. ஜீவனஹள்ளியின் அந்தச் சிறிய வீட்டில் இதை எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆயினும் மூவரும் அதற்குக் கீழ்ப்படிந்தே வாழ்ந்தார்கள். மூச்சிரைக்கும்போது ஆஞ்சலா இன்ஹேலரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வாள். படிக்கட்டில் கால் இழுத்தால், செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வாள். கைக்குழந்தையாக இருந்தபோதே ஒளியிழந்துபோன இடது கண்ணைப் பற்றி யாராவது கேட்டால், அம்மா மௌரீன், "இன்னொண்ணு இருக்குதே, ஸ்தோத்திரம்" என்பாள். அந்த வாக்கியத்துக்குப் பிறகு பேசுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

இப்போது அந்த இன்னொன்றில்தான் ஏதோ நிகழ்ந்துகொண்டிருந்தது.

ஆஞ்சலா மருத்துவ ஒலிப்பதிவுகளைத் தட்டச்சு செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தாள். எங்கோ அமெரிக்காவில் மருத்துவர்கள் பேசிப் பதிவுசெய்த நோயாளிக் குறிப்புகளை, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு, எழுத்தாக்கித் திருப்பியனுப்ப வேண்டும். வியாழக்கிழமை மதியம், கணினித் திரையின் வலது ஓரத்தில் யாரோ புகைப்படம் எடுப்பதுபோல ஒளி வெட்டியது. திரும்பிப் பார்த்தாள், சுவர்தான் இருந்தது. மாலையில், தண்ணீரில் காப்பித்தூளைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் மிதந்து இறங்கின. மறுநாள் காலை வலது ஓரத்தில் ஒரு நிழல் நின்றது. கண்ணைக் கசக்கினாலும் அது நகரவில்லை. திரை விழுவதுபோல இருக்கிறது என்று தான் பார்த்தேயிராத ஊர்களின் நோயாளிகள் சொன்னதை அவள் பலமுறை தட்டச்சு செய்திருக்கிறாள். அது மருத்துவர்களின் தேய்ந்துபோன உவமை என்றே அதுவரை எண்ணியிருந்தாள். உவமை அல்ல, வெறும் விவரணை.

பக்கத்து நாற்காலிக்காரனான ஹரிஷ்குமாரிடம் மட்டும் சொன்னாள். அவன் ஹெட்போனைக் கழற்றினான்.

"இத எத்தன தடவ டைப் பண்ணிருக்க, ஆஞ்சி? கடைசில அந்த டாக்டர் என்ன சொல்வான்?"

"உடனே ஆபரேஷன்னு."

"அப்புறம் என்ன இங்க குந்திக்கினு இருக்க? அமெரிக்காக்காரன் வியாதி நமக்கு லைன் கவுண்ட்டு, வரிக்கு இவ்ளோன்னு காசு. உன் வியாதிய யாரு டைப் பண்ணுவா?"

அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது, அப்பா டென்சில் ஞாயிற்றுக்கிழமைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை பெட்டி ஒரே இடத்தில் நின்றது. துணி தீயும் வாடை வந்த பிறகே அதைத் தூக்கினார்.

"மம்மிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல, டாடி."

"ஞாயித்துக்கிழம சர்ச்சுல மம்மி சாட்சி சொல்லி முடியட்டும், பாப்பா. திங்கக்கிழம காலையில லீவு போட்டு நானே கூட்டிட்டுப் போறேன். உனக்கு இருபது முடியுதுன்னு அவ புதுப் புடவ எடுத்து வெச்சிருக்கா."

"அதுவரைக்கும் இருக்குமான்னு தெரியல."

"இவ்ளோ வருஷம் காப்பாத்துனவரு ரெண்டு நாள் காப்பாத்த மாட்டாரா?" என்றார், சட்டையின் கருகிய இடத்தைப் பார்த்தபடி.

அவள் தனியாகவே மருத்துவமனைக்குப் போயிருக்கலாம். சனிக்கிழமை பேருந்து நிறுத்தம்வரை போகவும் செய்தாள். அங்கே நின்றபோது சபையைச் சேர்ந்த பிரிஜெட் ஆன்ட்டியின் முகம் நினைவுக்கு வந்தது. ஆறு மாதம் மட்டுமே வயிற்றிலிருந்த ஆஞ்சலா கண்ணாடிப் பெட்டிக்குள் துடித்துக்கொண்டிருந்த அதே வாரம், அதே மருத்துவமனையில், பிரிஜெட்டுக்கு நிறைமாதத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்து இறந்தது. தன் துக்கத்தோடு உபவாசமிருந்து ஆஞ்சலாவுக்காக ஜெபித்தவள் அவள். ஒவ்வோர் ஆண்டும் ஆஞ்சலாவின் பிறந்தநாளை ஒட்டிய ஞாயிறன்று ஆலயத்தின் முன்வரிசையின் வலது ஓரத்தில் வந்து அமர்வாள். ஆபரேஷன் என்றால் நாளைக்குள் சபைக்கே தெரிந்துவிடும்; அவளுக்கு முன்னால் எந்த வாயைக் கொண்டு வலிக்கிறது என்று சொல்வது? பேருந்து வந்தது, அவள் ஏறவில்லை.

ஞாயிறு காலை நிழல் பார்வையின் நடுப்பகுதிவரை வந்துவிட்டது. ஆலயத்தில் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பார்த்தவர்களுக்கு அது பாசமாகத் தெரிந்திருக்கும்.

பலிபீடப் படியில் அம்மா மைக்கைப் பிடித்தாள். புதுப்புடவையின் கஞ்சி மொடமொடத்தது. "என் புள்ளைய நான் பன்னெண்டு நாள் தொட்டதில்ல. கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தேன். அப்புறம் தொட்டப்ப, அவரு கல்யாண மோதிரம் அவ கையில வளையல் மாதிரி தோள்வரைக்கும் ஏறிச்சு. இன்னிக்கு அவ சம்பாதிக்கிறா." குரல் உடைந்தது. அந்த உடைவில் பொய் இல்லை என்பது ஆஞ்சலாவுக்குத் தெரியும். அவளை இத்தனை ஆண்டுகள் ஊமையாக்கியது அதுதான்.

அடுத்து நடக்க வேண்டியதைச் சபை முழுவதும் அறியும். அம்மா அந்த மோதிரத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள்; ஆஞ்சலா அதை எடுத்துத் தன் விரலில் மாட்டிக்காட்டி, "கர்த்தர் நல்லவர்" என்பாள்; எல்லாரும் "ஆமென்" என்பார்கள்.

வலப்புறம், நிழலுக்குள் அம்மாவின் குரல் வந்த திசையில் ஆஞ்சலா கையை நீட்டினாள். விரல்கள் காற்றைத் துழாவின. பிறகு அம்மாவின் மணிக்கட்டில் இடித்தன. மோதிரம் தரையில் விழுந்து உருண்டோடும் ஓசை கேட்டது.

"சிரி," என்றாள் அம்மா, மைக்கை விலக்கிப் பிடித்துக்கொண்டு. "கால்கிட்டதான் இருக்கு. குனிஞ்சு எடு."

ஆஞ்சலா குனியவில்லை. அம்மாவின் கையைத் தடவி, மைக்கைக் கண்டுபிடித்து வாங்கிக்கொண்டாள்.

"மோதிரம் எனக்குத் தெரியல."

"பயந்துட்டா, பாவம்," என்றாள் அம்மா சபையை நோக்கி.

"பயம் இல்ல, மம்மி. இருக்கிற ஒரு கண்ணும் போயிட்டிருக்கு. டாடிக்கு வெள்ளிக்கிழமயே தெரியும்." ஒலிபெருக்கியில் அவளுடைய மூச்சிரைப்பு அவளுக்கே பெரிதாகக் கேட்டது. முதல்முறையாக அதை மறைக்காமல் இழுத்து விட்டாள். "காலு தினமும் வலிக்குது. ராத்திரில மூச்சு முட்டுது. நான் பொழச்சதுக்கு எல்லாரும் அழுதீங்க, எனக்குத் தெரியும். ஆனா எனக்கு வலிக்குது. யாராவது இப்பவே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

யாரும் ஆமென் சொல்லவில்லை. அம்மாவின் புடவை மொடமொடப்பு நின்றுபோயிருந்தது. முன்வரிசையின் வலது ஓரத்தில் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. ஆஞ்சலா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அங்கே நிழல் மட்டுமே இருந்தது. அதற்குள்ளிருந்து காலடிகள் அவளை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்தன.