சர்ஜூ ராவிய ஏழு சுரங்கள்

மகளின் பிரசவத்துக்காகத் துகினா செமாராங் போயிருந்த பத்தே நாளில், அவள் கணவன் சர்ஜூ, ஊருக்குச் சொந்தமான கமெலான் என்ற வெண்கல வாத்தியத் தொகுதியின் கதையை முடித்திருந்தான்.

ஜாவாவில் ஒரு கமெலானின் ஏழு சுரங்கள் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. பக்கத்து ஊர் வெண்கலப் பட்டையை இங்கே வைத்தால் சண்டைதான். துகினா முப்பது வருஷமாக இந்த ஏழோடு மட்டும்தான் பாடியிருக்கிறாள்.

கல்யாணக் கச்சேரி நடத்தும் யோயோக் ஆசை காட்டியிருக்கிறான். கீபோர்டோடு சேரும்படி பட்டைகளை ராவிவிட்டால், இருவரையும் எல்லாக் கல்யாணத்துக்கும் கூட்டிப்போவானாம். இந்தப் புத்திசாலியும் செல்போனில் சுருதி பார்த்துப் பார்த்து அரத்தைப் போட்டிருக்கிறான். தொங்கவிட்டு அடிக்கும் பெரிய வெண்கலத் தட்டான கோங் மட்டும் அவன் கைக்கு அடங்காமல் பழைய சுருதியிலேயே நின்றது.

"கொஞ்சந்தான்டி தள்ளியிருக்கு."

"கொஞ்சமா? ஆறாஞ் சுரத்தையே காணோமேய்யா! நான் எங்க போய் நின்னு பாடுவேன்?"

"உனக்காகத்தானே ராவுனேன். நாலு பேர் உன் பாட்டைக் கேக்கட்டும்னு."

அது உண்மைதான். அதனால்தான் அவளால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை.

யோயோக் வந்து வாசிப்பைக் கேட்டான். பட்டைகள் ஒரு பக்கம் இழுத்தன, கோங் ஒரு பக்கம் இழுத்தது.

"இது சரிப்படாதுண்ணே. இந்தச் சத்தமெல்லாம் என் கீபோர்டுலயே ஒரு பட்டன்ல இருக்கு. அக்கா மட்டும் வரட்டும்."

போனாள். மத்தியானக் கல்யாணம், பந்தல் நிறைய ஜனம். அவள் தொண்டை பழைய ஏழு சுரங்களையே தேடிப் போனது. கீபோர்டு சுருதிக்குப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது அடியில் அவள் குரல் ஒலிபெருக்கியில் வரவில்லை. யோயோக் சிரித்த முகமாக மைக்கைக் குறைத்திருந்தான். அவன் மேல் தப்பில்லை. பாட்டு முடியும் வரை அவள் வாயை மட்டும் அசைத்தாள்.

வீடு திரும்பியபோது சர்ஜூ மறுபடி அரத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"நடுவுல ராவுனா சுருதி இறங்கும். பழையபடி கொண்டாந்துடலாம் துகினா."

பட்டைகள் தகடாகத் தேய்ந்திருந்தன. இரண்டு ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தன.

"அத விடு. அந்த அரத்தை என் தொண்டைல போடு. இன்னும் ராவாதது அது ஒண்ணுதான்."

சர்ஜூ அரத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதான். அவள் கச்சேரி உடுப்பை மாற்ற உள்ளே போனாள்.