இடது பாதி

"உன் வீட்டுக்காரர் கலக்குறார்மா! இடது பக்கம் பூரா வெறுமை. என்ன தைரியம் மனுஷனுக்கு!" படத்தை அவள் மேசையில் போட்டுவிட்டுப் போனார் ஆசிரியர்.

அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அந்த வார இதழில் பக்கம் வடிவமைப்பது அவள் வேலை. தொடர்கதைக்குப் படம் போடுவது கணவன். பத்து வருடமாகத் தலைப்புக்கு இடமே விடாமல் வரைந்து அவள் உயிரை வாங்கியவன், மூன்று வாரமாகத் தாளின் இடது பாதியைக் காலியாக விடுகிறான். ஒருவழியாக நம் பேச்சும் அவன் காதில் ஏறிவிட்டது என்று பூரித்துப்போய், அங்கே தலைப்பைக் கொட்டை எழுத்தில் வைத்துவந்தாள். வலப்பக்க உருவங்களும் இடப்பக்கத் தலைப்பும் தராசுத் தட்டுகளாகச் சமமாய் நின்றன.

இன்றும் அப்படியே வைத்தாள். பிறகு வழக்கம்போல் பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கண்ணை இடுக்கினாள். அப்படிப் பார்த்தால் கதை மறந்துபோகும். எடை மட்டும் தெரியும். ஏதோ உறுத்தியது. தலைப்பை நீக்கினாள்.

நாயகியின் ஒரு கை தோளோடு நின்றுபோயிருந்தது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு இடப்பக்கக் கால்களே இல்லை.

இடம் விட்டு வரைந்தது மாதிரி இல்லை இது. இடம் இருப்பதே தெரியாமல் வரைந்தது.

பழைய படங்கள் இரண்டையும் தலைப்பில்லாமல் பக்கத்தில் பரப்பினாள். மூன்றும் ஒரே பக்கம் சரிந்தன. வாராவாரம் அந்தச் சரிவுக்கு முட்டுக்கொடுத்து மறைத்தவள் அவளேதான்.

மணி மூன்றரை. மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர அவன் ஸ்கூட்டரில் கிளம்பும் நேரம். மூன்று முறை அழைத்தாள். எடுக்கவில்லை. வீடு இரண்டு தெரு தள்ளித்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வாசலில் ஸ்கூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அவனுக்கு இடப்பக்கம், கை எட்டும் தூரத்தில் போய் நின்றாள். அவன் திரும்பவில்லை. முகத்தருகே கையை ஆட்டினாள். ம்ஹூம். எட்டிச் சாவியைப் பிடுங்கினாள்.

"அம்மாடி! எங்கேருந்துடி முளைச்ச?"

"இறங்குங்க. பாப்பாவ நடந்துபோய்க் கூட்டிட்டு வரலாம். அப்படியே டாக்டரப் பார்க்கணும்."

அவன் சிரித்தான். "புரியுது. இந்த வாரமும் தாள் முழுக்க வரைஞ்சுட்டேன், தலைப்புக்கு இடமில்ல. அதுக்குத்தானே சண்டைக்கு வந்திருக்க?"

அவனுடைய இடது முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

இடப்பக்கம் ஒரு லாரி ஒலியெழுப்பியது. அவன் வலப்பக்கம் திரும்பித் தேடினான்.